விழுந்தால் எழுவோமா என்று கேட்டவருக்கு

மருந்தைக் குளிரில் காத்து மருத்துவமனைகளின் வாசல்வரை கொண்டு சேர்க்கும் நம் நிறுவனத்தில், பேரிடர் ஒன்று வந்து கணினிகள் யாவும் கண்மூடினால் மீண்டும் கண்விழிக்குமா என்று அளந்து சொல்லும் அரும்பொறுப்பை இருபதாண்டுக்கும் மேலாகத் தாங்கி, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் பெருமதிப்பிற்குரிய மதிப்பீட்டு அதிகாரி அம்மையாருக்கு,

கேள்வியையே கருவியாகக் கைக்கொண்டவரே, பச்சை விளக்கு எரிகிறது என்று சொன்னால் பக்கத்தில் போய்ப் பார்த்தவரே, பிறர் அஞ்சி நடுங்கும் செய்திக்கெல்லாம் அசையாமல் இருந்துவிட்டு, 'எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது' என்ற சொல்லுக்கு மட்டும் கலங்கியவரே, எங்கள் அனைவரின் அன்பும் வணக்கமும்.

இம்மடலை எழுதும் பொறுப்பு, மருந்து ஆர்டர் மேசையில் தொலைபேசியோடு குடும்பம் நடத்தும் என்னிடம் வந்து சேர்ந்தது. "கம்ப்யூட்டர் ஆளுங்க எழுதினா யாருக்கும் புரியாது, கணக்குப் பிரிவு எழுதினா எல்லாரும் தூங்கிடுவாங்க, நீயே எழுதிடு" என்று கூடிப் பேசி என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆகவே இதில் 'நாங்கள்' என்று வருமிடமெல்லாம் நிறுவனம் முழுவதும். 'நான்' என்று நழுவி விழுமிடத்தில் ஆர்டர் மேசை என்று கொள்க.

முதலில், உங்கள் காதுக்கு எட்டாமல் இத்தனை ஆண்டும் நாங்கள் காப்பாற்றி வந்த உங்கள் பட்டப்பெயரைப் பகிரங்கமாகச் சொல்லிவிடுகிறோம். 'ஒருவேளை மேடம்.' எந்தப் பிரிவுக்குள் நுழைந்தாலும் வணக்கத்துக்கு அடுத்து உங்கள் வாயில் வரும் சொல் அதுதான். ஒருவேளை இந்த மாடிக்குள் தண்ணீர் புகுந்தால்? ஒருவேளை எங்கிருந்தோ ஒருவன் நம் கணினிகளையெல்லாம் பூட்டிப் போட்டுவிட்டால்? ஒருவேளை இந்தக் கட்டடமே நாளைக்கு இல்லையென்றால்? லிஃப்டில் உங்களோடு ஏறியவர்கள் அடுத்த மாடிக்குள் ஒரு கவலையைச் சம்பாதித்துக்கொண்டு இறங்கினார்கள். இந்த விழாவுக்கு அழைக்க உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது உங்கள் கணவர், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், எங்களிடம் சொன்னார்: "உங்களுக்கு ஆபீஸ்ல மட்டும்தான். எனக்குக் கல்யாணம் பேசும்போதே ஆரம்பிச்சாச்சு. ஒருவேளை டிரைவர் வேலை போயிட்டா உங்களுக்கு வேற என்ன தெரியும்னு கேட்டா. சமைக்கத் தெரியும்னு சொன்னேன். அப்படியா, சமைச்சுக் காட்டுங்கன்னுட்டா."

அதுதான் நீங்கள். சொல்வதைக் கேட்டுக்கொள்வீர்கள். பிறகு, செய்து காட்டச் சொல்வீர்கள்.

நீங்கள் இங்கு வந்து சேர்ந்த காலத்தில் பேரிடர் மீட்புத் திட்டம் என்று எங்களிடம் தடிமனாக ஒரு கோப்பு இருந்தது. முதுகில் பொன்னெழுத்து, கண்ணாடி அலமாரியில் வாசம். வந்த விருந்தினர்க்கெல்லாம் அதைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டோம். நீங்கள் அதைப் புரட்டிப் பார்த்துப் பாராட்டவில்லை. அவசரத்துக்கு அழைக்க வேண்டிய முதல் எண் எது என்று பார்த்து, எங்கள் கண்முன்னே அந்த எண்ணை அழைத்தீர்கள். மறுமுனையில் ஒரு பெண்மணி, "கேக் எத்தனை கிலோ வேணும்? மேல பேர் எழுதணுமா?" என்றார். அந்த எண்ணுக்குரிய அதிகாரி வேலையை விட்டுப் போய் நெடுநாள் ஆகியிருந்தது. எண் எப்படியோ ஒரு பேக்கரிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நாங்கள் சிரித்தோம். நீங்களும் சிரித்தீர்கள். சிரித்து முடித்துவிட்டு இரண்டாம் எண்ணை அழைத்தீர்கள்.

அடுத்து நீங்கள் போய் நின்ற இடம் கணினிப் பிரிவு. அதன் தலைவரை நிறுவனமே 'தூண்' என்றுதான் அழைக்கும். எல்லோரும் அவர்மேல்தான் சாய்ந்திருந்தோம். எந்தக் கம்பி எங்கே போகிறது என்பது முதல் எந்தக் கணினிக்கு எந்தக் கடவுச்சொல் என்பது வரை அவர் தலைக்குள் இருந்தது. அவர் தன்னம்பிக்கையோடு சொன்னார்:

"தினமும் பேக்கப் எடுக்கறோம் மேடம். ஒரு நாள்கூடத் தவறினதில்ல."

"நல்லது. எடுத்ததைத் திருப்பிப் போட்டுப் பாத்திருக்கீங்களா?"

"அதுக்கு அவசியம் வரல மேடம்."

"வந்துடுச்சுன்னு வச்சுக்குவோம்."

அன்று மாலைக்குள் உண்மை வெளியே வந்துவிட்டது. நாள் தவறாமல் எடுத்துவைத்த நகல்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. பிறர் கையில் சிக்காதபடி பூட்டியும் இருந்தன. அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி மட்டும் ஒரே ஒரு இடத்தில், எந்தக் கணினி போய்விட்டால் என்று பயந்து நகல் எடுத்தோமோ அதே கணினிக்குள் இருந்தது. பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தோம். தூண் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

உங்களைக் கண்டு நாங்கள் முதன்முதலாக வியந்து நின்றது அப்போதுதான். வேறொருவராக இருந்தால் வெற்றிப் புன்னகை பூத்திருப்பார். நீங்கள் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். "இது உங்க தப்புன்னு நான் எழுதப் போறதில்ல. கம்பெனி தயாரா இல்லன்னு எழுதுவேன். ரெண்டும் வேற வேற" என்றீர்கள். அவர் தலையசைத்தார். அன்று முதல் அவர் உங்கள் ஆள்.

சொன்னபடியே எழுதினீர்கள். 'நிறுவனம் தயாராக இல்லை.' எழுதிய நேரம்தான் பொல்லாத நேரம். பெரிய மருத்துவமனைக் குழுமம் ஒன்று நம்மோடு ஒப்பந்தம் செய்யக் காத்திருந்தது; உங்கள் மதிப்பீட்டு அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவதாகச் சொல்லியிருந்தது. நிர்வாக இயக்குநர் உங்களை அழைத்தார். கதவு சரியாகச் சாத்தப்படவில்லை என்பதால் வெளியே இருந்தவர்கள் எல்லோரும் கேட்டோம். அவர் கோபப்படவில்லை. கெஞ்சினார்.

"ஒரு வார்த்தைதானே மேடம். 'தயாராக இல்லை'ங்கறத 'ஓரளவு தயார்'னு மாத்திக் குடுங்க. ஆறு மாசத்துல எல்லாத்தையும் சரி பண்ணிடலாம்."

"மாத்தலாம் சார். ஆஸ்பத்திரியில உயிருக்குப் போராடற நேரத்துல போன் வந்தா, ஓரளவு மருந்து அனுப்பிடலாமா?"

பிறகு அவர் அறிக்கையை நீங்கள் எழுதியபடியே கையெழுத்திட்டு அனுப்பினார். இன்று இந்த மேடையில் அமர்ந்திருக்கும் அவர், தம் வாழ்நாளில் இட்ட கையெழுத்துகளில் அதுதான் கனமானது என்று எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

ஒப்பந்தம் கைநழுவிப் போனது. மேலே பெரியவர்கள் உங்களை மெச்சினார்களோ என்னவோ, கீழே நாங்கள் யாரும் மெச்சவில்லை. அந்த ஆண்டு யாருக்கும் சம்பள உயர்வு இல்லை. "நம்ம சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டாங்க" என்று விற்பனைப் பிரிவில் வாய்விட்டே பேசினார்கள். உணவறையில் நீங்கள் உட்கார்ந்த மேசையில் மற்ற நாற்காலிகள் காலியாகவே இருந்தன. நீங்கள் அவசரமில்லாமல் சாப்பிட்டு, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுத்த பிரிவுக்குக் கேள்வி கேட்கப் போனீர்கள். உங்கள் முகத்தில் மனத்தாங்கல் இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. அது எப்படி முடிந்தது என்பது எங்களுக்கு இன்னும் வியப்பு.

பழுதைக் கண்டுபிடித்தவர் பழுதோடு நம்மை விட்டுவிட்டுப் போகவில்லை. நம் திட்டக் கோப்பில், கணினிகள் விழுந்தால் ஒரு நாளைக்குள் மீட்டெடுப்போம் என்று எழுதியிருந்தது. ஒரு நாள் என்று யார் முடிவு செய்தது என்று கேட்டீர்கள். யாருக்கும் தெரியவில்லை. என்னை அழைத்துக்கொண்டு, நான் தினமும் தொலைபேசியில் மட்டுமே பேசிப் பழகிய ஒரு மருத்துவமனையின் மருந்தகத்துக்குப் போனீர்கள். மருந்தாளுநர் அம்மா மருந்துச் சீட்டுகளை வாங்கிக்கொண்டே நம்மோடு பேசினார்.

"எங்க கம்ப்யூட்டர் படுத்துட்டா நீங்க எவ்வளவு நேரம் தாங்குவீங்க?" என்று கேட்டீர்கள்.

"இன்சுலின் ரெண்டு நாளைக்கு இருக்கும், தாங்கிடுவோம். தடுப்பூசியும் பிரச்சினை இல்ல. ஆனா பிரசவத்துல ரத்தம் நிக்காமப் போனா குடுக்கற மருந்து ஒண்ணு இருக்கு. விலை ஜாஸ்தி, சீக்கிரம் கெட்டுப்போகும், அதனால இங்க வச்சுக்கறதில்ல. தேவைப்பட்டா உங்ககிட்டதான் கேப்போம். அதுக்கு எவ்வளவு நேரம்னு என்னைக் கேக்காதீங்க. அது உள்ள படுத்திருக்கற பொண்ணு கையில இருக்கு."

திரும்பி வந்ததும் 'ஒரு நாள்' என்பதை அடித்துவிட்டு 'ஒரு மணி நேரம்' என்று எழுதினீர்கள். கணினிப் பிரிவில் பூகம்பம் வந்தது. முடியவே முடியாது என்றார்கள். "முடியாதுன்னு எழுதித் தாங்க, அந்த மருந்தக அம்மாகிட்ட நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்" என்றீர்கள். எழுதித் தர ஒருவரும் முன்வரவில்லை. ஊரின் மறுகோடியில் நம் இரண்டாம் கிடங்கின் மாடியில், இங்குள்ள கணினிகள் விழுந்தால் பாரத்தை ஏற்றுக்கொள்ளும் மாற்று மையம் உருவானது அப்படித்தான்.

அதன்பின் வந்தன உங்கள் ஒத்திகைகள். கட்டடம் தீப்பிடித்ததாக வைத்துக்கொண்டு, பட்டப்பகலில் முதன்மைக் கணினிகளை உண்மையாகவே நிறுத்தச் சொன்னீர்கள். முதல் ஒத்திகையில் மாற்று மையம் எழுந்தது, எழுப்பியவர் தூண். நாங்கள் கைதட்டினோம். நீங்கள் தட்டவில்லை. அடுத்த ஒத்திகையில் தூணின் கைபேசியை வாங்கி உங்கள் பைக்குள் போட்டுக்கொண்டு அவரை உணவறையில் உட்காரவைத்தீர்கள். அந்தக் காட்சியைச் சொல்லாமல் இம்மடல் நிறைவு பெறாது.

"மேடம், மூணாவது சர்வரோட பாஸ்வேர்டு அவங்களுக்குத் தெரியாது."

"தெரியாதுங்கறது இன்னைக்காவது தெரிஞ்சுதே."

"ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு ஓடி வந்துடறேன்."

"நீங்க இப்போ உயிரோட இல்ல. உக்காருங்க."

தேநீர் போடுபவர் எட்டிப் பார்த்து, "அப்போ இவருக்கு டீ குடுக்கலாமா, கூடாதா அக்கா?" என்று கேட்டார். "டீ குடுங்க. பேச்சு மட்டும் குடுக்காதீங்க" என்றீர்கள். தூண் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். ஒத்திகை அன்று படுதோல்வி. அடுத்ததும் தோல்வி. அதற்கடுத்ததில், அவருக்கு அடுத்த நிலையில் இருந்த பொறியாளர், நாங்கள் 'குட்டித்தூண்' என்று கேலி செய்யும் பெண், தட்டுத்தடுமாறி மாற்று மையத்தை எழுப்பிவிட்டார். அந்த ஆண்டுதான் தூண் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதன்முறையாகக் கைபேசியை அணைத்துவிட்டுக் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனார். அவர் மனைவி உங்களுக்குத் தொலைபேசி செய்து, "என் புருஷன என்கிட்ட திருப்பிக் குடுத்துட்டீங்க" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டோம். கைவிட்டுப் போன மருத்துவமனைக் குழுமமும் ஒரு ஒத்திகையைப் பார்க்க ஆள் அனுப்பியது. அதுவும் பாதியில் நொண்டியது. நீங்கள் எதையும் மறைக்காமல், எங்கே நொண்டுகிறது என்று விரல் வைத்துக் காட்டினீர்கள். அதை நம்பியே அவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

இனிச் சொல்லப்போவது நீங்கள் நேரில் காணாத நாள்.

சென்ற ஆண்டு உங்கள் கணவருக்கு இதய அறுவை நடந்த அன்று நீங்கள் விடுப்பில் இருந்தீர்கள். முற்பகலில், இரண்டாம் மாடியில் மின்சாரம் தடைப்படாமல் காக்கும் பேட்டரி அறையில் புகை கிளம்பியது. முதலில் ஓடியவர் தூண். ஆட்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டுக் கடைசியாக இறங்கி வந்தவர் வாசற்படியிலேயே மயங்கி விழுந்தார். ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு போனது. தீயணைப்பு வீரர்கள் கட்டடத்தின் மின்சாரத்தை முழுவதுமாகத் துண்டித்தார்கள். நாங்கள் சாலையில் நின்று, எங்கள் ஜன்னல்களிலிருந்து கரும்புகை வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீங்களும் இல்லை, அவரும் இல்லை.

என் கை தானாகவே உங்கள் எண்ணைத் தேடியது. குட்டித்தூண் அதைப் பார்த்துவிட்டார். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. "வேணாம்க்கா. அவங்க வந்தாலும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, நம்மளையேதான் பாத்துக்கிட்டு நிப்பாங்க. வண்டியில ஏறுங்க" என்றார். மருந்து ஏற்றும் வண்டியின் பின்பக்கத்தில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து மாற்று மையத்துக்குப் போனோம். வழியில் யாரும் யாருக்கும் தைரியம் சொல்லவில்லை. அவரவர் தம் வேலையை வாய்க்குள் முணுமுணுத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

குட்டித்தூண் இயக்கத் தொடங்கினார். இருண்ட திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிர்ந்தன. முதலில் வெறும் எழுத்துகள். பிறகு மருத்துவமனைகளின் பெயர்கள். பிறகு எந்தக் கிடங்கில், எந்தக் குளிர் அறையில், எந்தத் தட்டில் எந்த மருந்து என்பதெல்லாம். அங்கே எரிந்துகொண்டிருந்தது இங்கே உயிரோடு எழுந்து எங்கள் முன் நின்றது. ஒத்திகைகளில் எத்தனையோ முறை பார்த்த காட்சிதான். ஆனாலும் அன்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பக்கத்தில், கீழ்த்தளக் குளிர் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் கிடங்குக்காரர் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். நீங்கள் திருத்தி எழுதிய கெடு முடிய இன்னும் நேரம் இருந்தது.

ஆனால் அன்று கடைசியாக நகல் எடுத்ததற்கும் புகை கிளம்பியதற்கும் இடையில் வந்த ஆர்டர்கள் அந்தத் திரையில் இல்லை. அவை போனது போனதுதான். அதற்கும் நீங்கள் எங்களைப் பழக்கியிருந்தீர்கள். ஆர்டர் மேசைக்காரர்கள் ஒவ்வொரு மருத்துவமனையாக அழைத்துக் கேட்டோம். நாம் போய்ப் பார்த்த அதே மருந்தாளுநர் அம்மா, நான் வாய்திறக்கும் முன்பே, "மருந்து எங்கம்மா? ஆர்டர் சொல்லி எவ்வளவு நேரமாச்சு? உள்ள பொண்ணுக்கு ரத்தம் நிக்கல" என்றார். அப்படி ஓர் ஆர்டர் வந்ததாகவே எங்கள் கணினிக்குத் தெரியாது. முதன்மைக் கட்டடத்தில் இருந்த மருந்தைத் தொட முடியாது. வாசலில் தீயணைப்பு வண்டி. குட்டித்தூண் திரையில் தேடினார். "இங்கேயே இருக்கு. கீழ, ரெண்டாவது குளிர் அறை, மேல் தட்டு" என்றார். கிடங்குக்காரர் படிகளில் ஓடிய ஓட்டத்தை இன்றைக்கும் நாங்கள் பேசுகிறோம். எங்களை ஏற்றி வந்த வண்டியே குளிர்ப்பெட்டியோடு மருத்துவமனைக்குப் பறந்தது.

பிற்பகலில் தொலைபேசி ஒலித்தது. அந்த அம்மாதான். "நின்னுடுச்சு" என்றார். தாயும் மகளும் நலம் என்ற செய்தி மாலையில் வந்தது. தூணும் இரண்டு நாளில் வீடு திரும்பினார். நம் கணினிகளுக்கு என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவே இல்லை என்பதைக் குட்டித்தூண் பெருமையோடு சொல்லிக்கொண்டு திரிந்தார்.

உங்கள் கணவர் தேறியபின் நீங்கள் வேலைக்குத் திரும்பினீர்கள். கருகிப்போன பேட்டரி அறையின் வாசலில் நின்று சுவரைப் பார்த்தீர்கள். பிறகு எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததை ஒன்றுவிடாமல் கேட்டீர்கள். யார் முதலில் எதைச் செய்தது, எந்த இடத்தில் தடுமாறினோம், தொலைந்துபோன ஆர்டர்கள் எத்தனை, அடுத்த முறை அதை எப்படிக் குறைப்பது. எல்லாம் முடிந்தபின் கொஞ்சம் தயங்கினீர்கள். நீங்கள் தயங்கி நாங்கள் பார்த்ததில்லை.

"என்னைக் கூப்பிடணும்னு யாருக்கும் தோணலையா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். குட்டித்தூண்தான் சொன்னார்.

"தோணுச்சு மேடம். தேவைப்படல."

சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். நீங்கள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தீர்கள். கண்களைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"இன்னொரு தடவை சொல்லு" என்றீர்கள்.

அம்மையீர், புகழ்மொழிகளைத் தேடித் தேடி அலுத்துவிட்டோம். அன்று நீங்கள் இரண்டாம் முறை கேட்க விரும்பிய அந்த ஒரு சொல்லுக்கு மேல் எங்களிடம் வேறு மாலை இல்லை. தம்மை எல்லோரும் நாட வேண்டும் என்பதற்காகவே பலர் பாடுபடும் உலகில், தாம் இல்லாமலும் எல்லாம் நடக்க வேண்டும் என்பதற்காக ஒரு வாழ்நாளைச் செலவிட்டீர்கள். அந்த மனத்தின் உயரத்தை அண்ணாந்து பார்த்து நிற்கிறோம்.

உங்கள் உடல் நலம் குன்றாதிருக்கட்டும். உள்ளம் ஓய்ந்து இளைப்பாறட்டும். உங்கள் இணையர் சமைத்ததை நீங்களும், நீங்கள் கேட்டதற்கு அவர் சொல்லும் பதிலை நாங்களும் நெடுங்காலம் சுவைத்து மகிழ்வோமாக. ஆர்டர் மேசையின் தொலைபேசி அழைப்பு இனியும் அடிக்கடி உங்கள் வீட்டில் ஒலிக்கும். எடுக்கும்போது பதற வேண்டாம். எதுவும் விழுந்திருக்காது. உங்கள் குரலைக் கேட்க ஆசைப்பட்டிருப்போம், அவ்வளவுதான்.

உங்கள் கேள்விகளால் கண்விழித்த,
கணினிப் பிரிவினர், கிடங்குப் பணியாளர்கள், வண்டி ஓட்டுநர்கள், விற்பனை மற்றும் கணக்குப் பிரிவினர், உணவறைத் தோழர்கள்,
அவர்கள் அனைவர் சார்பிலும் ஆர்டர் மேசை.